கேலரி யாருக்காகக் கட்டுகிறார்கள்?

2016-ஆம் வருடம் பிப்ரவரி 6, சனிக்கிழமை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம், ஆன்ஃபீல்ட் கால்பந்து மைதானம். சண்டர்லாண்ட் அணிக்கு எதிராக லிவர்பூல் 2-0 என்று ஜெயித்துக்கொண்டிருக்கிறது. கடிகாரம் 77-வது நிமிடத்தைத் தொட்டதும் சொந்த ரசிகர்கள் கும்பல் கும்பலாக எழுந்து வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கிறார்கள். அடிதடி இல்லை, கல்லெறி இல்லை. சும்மா எழுந்து போகிறார்கள், அவ்வளவுதான். சுமார் பத்தாயிரம் பேர் அப்படிக் கிளம்பிவிட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். மிச்சமிருந்த நேரத்தில் சண்டர்லாண்ட் இரண்டு கோல் போட்டது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

ஜெயிக்கிற அணியைப் பாதியில் விட்டுவிட்டு ரசிகன் ஏன் வெளியே போகவேண்டும்? அதுவும் லிவர்பூல் ரசிகன்?

காரணம், அவர்கள் கண் முன்னாலேயே எழும்பிக்கொண்டிருந்த ஒரு புது கேலரி. அங்கே ஸ்டாண்ட் என்பார்கள். மெயின் ஸ்டாண்டைப் பெரிதாக்கி 8,500 இருக்கைகள் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது திறக்கும்போது டிக்கெட் விலையும் ஏறும் என்று கிளப் அறிவித்தது. அதுவரை 59 பவுண்டாக இருந்த உச்ச விலை இனிமேல் 77 பவுண்டு. அதனால்தான் 77-வது நிமிடம்!

கேலரி கட்டுவது நல்ல விஷயம்தானே, அதிகம் பேர் பார்க்கலாமே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அந்த ஊர் ரசிகர்களும் கேலரி வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் வேண்டும் என்று பல வருடம் கேட்டவர்களே அவர்கள்தான். அவர்கள் கேட்ட கேள்வி வேறு. புது கேலரியில் யார் உட்காரப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள அந்த மைதானத்தின் கதை கொஞ்சம் தெரியவேண்டும்.

ஆன்ஃபீல்டில் முதலில் விளையாடிக்கொண்டிருந்தது லிவர்பூல் அல்ல, எவர்ட்டன். 1884 முதல் 1892 வரை அதுதான் எவர்ட்டனின் மைதானம். ஜான் ஹோல்டிங் என்பவர் வாடகையை ஏற்ற, தகராறு முற்றி, எவர்ட்டன்காரர்கள் ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் வேறு மைதானம் தேடிப் போய்விட்டார்கள். கையில் மைதானம் இருக்கிறது, விளையாட அணி இல்லை. ஹோல்டிங் புதிதாக ஒரு கிளப்பை ஆரம்பித்தார். அதுதான் லிவர்பூல். பிறந்ததே வாடகைச் சண்டையில் என்றால், பணச் சண்டை அந்தக் கிளப்புக்குப் புதிதா என்ன!

அந்த மைதானத்தின் நான்கு பக்கங்களில் உலகம் முழுக்கப் பேர் போனது கோப். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் பக்கம். 1906-ல் கட்டிய அந்த மண்மேட்டுக்கு ஸ்பியான் கோப் என்று பெயர் வைத்தார்கள். அது தென்னாப்பிரிக்காவில் இருக்கும் ஒரு குன்றின் பெயர். 1900 ஜனவரியில் போயர் யுத்தத்தில் அந்தக் குன்றின் மேல் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். லங்காஷயர் பக்கத்துப் பையன்கள் அதில் நிறையப் பேர். அங்கே அடிபட்டவர்களை டோலியில் தூக்கி வந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் காந்தி இருந்தார். நெட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த நம்மவர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். ஆக, அந்த கேலரியின் பெயரே செத்தவர்களின் ஞாபகம்தான்.

கோப்பில் இருக்கை கிடையாது. நின்றுகொண்டுதான் பார்க்கவேண்டும். உச்சத்தில் 28 ஆயிரம் பேர் வரை அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நிற்பார்களாம். டிக்கெட் மலிவு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும், அவர் பிள்ளையும், பக்கத்து வீட்டுப் பையனும் ஒரே இடத்தில் நிற்கலாம்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நின்று பார்க்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்துபோனார்கள். கடைசியாக ஒருவர், அன்று பட்ட காயத்தின் பாதிப்பால் 2021-ல் இறந்தார். தவறு ரசிகர்கள் மேல் இல்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை நடுவர்கள் தீர்ப்புச் சொல்ல 2016 வரை ஆனது. விபத்துக்குப் பின் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை போடவேண்டும் என்றது. 1994 ஏப்ரல் 30, நார்விச் அணியுடன் ஆட்டம். கோப்பில் நின்று பார்த்த கடைசி நாள் அது. லிவர்பூல் 1-0 என்று தோற்றது. அதன் பிறகு கோப்பை இடித்து, சுமார் 12 ஆயிரம் இருக்கைகளுடன் புதிதாகக் கட்டினார்கள்.

28 ஆயிரம் எங்கே, 12 ஆயிரம் எங்கே! பாதுகாப்பு வந்தது. அது வந்தே ஆகவேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் இடம் சுருங்கினால் விலை ஏறும் என்பது பொருளாதாரத்தில் முதல் பாடம். அதுதான் நடந்தது. 90-களுக்குப் பிறகு டிக்கெட் விலை ஏற ஏற, கூட்டத்தில் சின்னப் பையன்கள் குறைந்துபோனார்கள் என்பது இங்கிலாந்து முழுக்க ரசிகர்களின் புலம்பல்.

அடுத்த பிரச்சினை, போவதா இருப்பதா? 45 ஆயிரம் பேர் உட்காரும் மைதானத்தை வைத்துக்கொண்டு மான்செஸ்டர் யுனைடெட்டோடு வருமானத்தில் போட்டி போட முடியாது என்று ஸ்டான்லி பூங்காவில் புது மைதானம் கட்டத் திட்டம் போட்டார்கள். 2007-ல் கிளப்பை வாங்கிய அமெரிக்க முதலாளிகள் இருவர், அறுபது நாளில் மண்வெட்டி மண்ணில் இறங்கும் என்றார்கள். மண்வெட்டி இறங்கவே இல்லை, கடன்தான் ஏறியது. அந்தக் கோபத்தில் 2008-ல் ரசிகர்கள் ஒன்றுகூடி ‘ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி’ என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1959 முதல் 1974 வரை மேனேஜராக இருந்து கிளப்பைத் தூக்கி நிறுத்திய பில் ஷாங்க்லியின் பெயர் அது. 2010-ல் கிளப் கைமாறியது. புதிய முதலாளிகள் 2012-ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேறு இடம் வேண்டாம், ஆன்ஃபீல்டையே பெரிதாக்கலாம்.

ரசிகர்களில் பலருக்கு நிம்மதி. “அப்பா நின்ற இடத்தில் நானும் நிற்கலாம்” என்கிற மாதிரியான நிம்மதி. பக்கத்து எவர்ட்டன் வேறு வழியில் போனது. 1892 முதல் விளையாடிய குடிசன் பார்க்கை விட்டு 2025-ல் துறைமுகக் கரையில் கட்டிய புது மைதானத்துக்கு ஆண்கள் அணி குடிபெயர்ந்தது. ஒரே ஊர், இரண்டு கிளப், இரண்டு முடிவு. எது சரி என்று அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பல வருடம் சண்டை போடுவார்கள்.

ஆனால் இருந்த இடத்திலேயே பெரிதாவது சுலபமா? மைதானத்தைச் சுற்றி நெருக்கமாக வீடுகள். கேலரி வளரவேண்டுமானால் யாராவது வீட்டைக் காலி செய்யவேண்டும்.

இதற்கு முன்னாலும் இது நடந்திருக்கிறது. கெம்லின் ரோடு பக்கத்து கேலரியை இரண்டு அடுக்காக்க, பின்னால் இருந்த வீடுகளைக் கிளப் ஒவ்வொன்றாக வாங்கியது. வயதான அக்கா தங்கை இருவர் மட்டும் நகரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சுற்றி எல்லா வீடும் போனபின் அவர்கள் வீடு மட்டும் நின்றது. ஐரோப்பியக் கோப்பைகளை வரிசையாக ஜெயித்த கிளப், இரண்டு பாட்டிகளின் சம்மதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தது! 1990-ல்தான் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 1992-ல் அந்த கேலரி திறந்தது. இப்போது அதற்கு கென்னி டால்கிளிஷ் பெயர்.

மெயின் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லோத்தேர் ரோட்டுக் கதை இவ்வளவு இனிமையானது அல்ல. 90-களிலிருந்து அங்கே கிளப் வாங்கிய வீடுகள் பலகை அடித்துப் பூட்டிக் கிடந்தன. தெருவில் பாதி வீடு பூட்டியிருந்தால் மீதி வீட்டுக்கு என்ன மரியாதை இருக்கும்? எலி வரும், திருட்டு வரும், வீட்டு மதிப்பு விழும். எங்கள் தெருவைச் சாகடித்துவிட்டு மலிவாக வாங்கப் பார்க்கிறார்கள் என்று அங்கே குடியிருந்தவர்கள் பத்திரிகைகளில் குமுறினார்கள். அவர்களில் லிவர்பூல் ரசிகர்களும் உண்டு. சனிக்கிழமை கைதட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே கிளப்பை எதிர்த்துக் கூட்டம் போடுகிற நிலைமை. கேலரி பெரிதாகவேண்டும் என்ற ரசிகனின் ஆசைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால், இந்தத் தெருக்காரர்களையும் எண்ணித்தான் ஆகவேண்டும்.

சரி, திரும்ப 77 பவுண்டுக்கு வருவோம்.

மெயின் ஸ்டாண்ட் வேலைக்கு ஆன செலவு சுமார் 11 கோடி பவுண்டு. முதலாளிகள் கிளப்புக்குக் கடனாகக் கொடுத்தார்கள். காமர்ஸ் படிக்கிற யாரைக் கேட்டாலும் இது மூலதனச் செலவு, வருமானத்தில் திரும்ப எடுக்கவேண்டும், எத்தனை வருடத்தில் எடுக்கலாம் என்று உடனே கால்குலேட்டரைத் தட்டுவார்கள். அந்தக் கணக்கு தப்பில்லை. விலையை 59-லிருந்து 77-க்கு ஏற்றினால் 30 சதவிகிதத்துக்கு மேல் உயர்வு. சீசன் டிக்கெட்டில் முதல்முறையாக ஆயிரம் பவுண்டைத் தாண்டிய ஒரு வகையும் வந்தது. சில ஆட்டங்களுக்கு 9 பவுண்டு டிக்கெட்டும் உண்டு என்று கிளப் சொல்லிப் பார்த்தது. யாரும் சமாதானம் ஆகவில்லை.

ரசிகர்களின் எதிர்க்கணக்கு இதுதான். அந்த சமயத்தில் பிரீமியர் லீக் பிரிட்டனுக்குள் மட்டும் மூன்று சீசன் ஒளிபரப்பு உரிமையை 500 கோடி பவுண்டுக்கு மேல் விற்றிருந்தது. டிவி பணம் அருவி மாதிரி கொட்டும்போது, மழையில் நனைந்து வந்து பார்க்கிறவன் பையிலும் கை விடவேண்டுமா?

வெளிநடப்பு நடந்தது சனிக்கிழமை. புதன்கிழமை முதலாளிகள் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். 77 பவுண்டு போச்சு. உச்ச விலை பழைய 59-லேயே நிற்கும், இரண்டு சீசனுக்கு ஏற்றமாட்டோம் என்றார்கள். அடுத்த மாதமே, வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ரசிகர்களுக்கு டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து முடிவெடுத்தன. அது பல ஊர் ரசிகர்கள் பல வருடம் போராடிக் கேட்டது. 2016 செப்டம்பர் 10, லெஸ்டர் அணியுடன் ஆட்டம். புது மெயின் ஸ்டாண்ட் திறந்தது. லிவர்பூல் 4-1 என்று ஜெயித்தது. பிப்ரவரியில் கோபித்துக்கொண்டு வெளியே போனவர்கள் செப்டம்பரில் அதே கேலரியைப் பார்த்து வாய் பிளந்திருப்பார்கள். அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. கேலரி மேல் அவர்களுக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். சினிமா டிக்கெட் விலை ஏறினால் யாரும் தியேட்டரில் வெளிநடப்பு செய்வதில்லை. பிடிக்கவில்லை என்றால் போகாமல் இருந்துவிட்டுப் போகலாமே. கால்பந்து ரசிகனுக்கு மட்டும் என்ன தனி உரிமை?

பதில் கிளப்பின் வரவு செலவிலேயே இருக்கிறது. 2023-24 சீசனில் லிவர்பூலின் மொத்த வருமானம் 61 கோடியே 40 லட்சம் பவுண்டு. இதில் மைதானத்தில் ஆட்ட நாளில் வந்தது 10 கோடியே 20 லட்சம். ஆறில் ஒரு பங்குதான். ஒளிபரப்பில் வந்தது 20 கோடியே 40 லட்சம், அதாவது சரியாக இரண்டு மடங்கு. மீதி விளம்பரம், ஜெர்சி, இத்யாதி. இதைப் பார்த்துவிட்டு, கேலரியில் இருப்பவன் ஆறில் ஒரு பங்கு வாடிக்கையாளன், அவ்வளவுதான் என்று முடிவு கட்டலாம். ஆனால் அந்த டிவிக்காரர்கள் காசு கொடுத்து வாங்குவது எதை? பதினொரு பேர் ஓடுவதை மட்டுமா? கோப்பின் பாட்டு, கொடி, எதிரணி கார்னர் எடுக்கும்போது கிளம்பும் அந்தக் கூச்சல், இதெல்லாம் சேர்ந்ததுதானே சரக்கு! தியேட்டரில் ரசிகன் சரக்கை வாங்குகிறான். மைதானத்தில் ரசிகனே பாதிச் சரக்கு. அவன் காசையும் கொடுத்து, சத்தத்தையும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இந்த வரவுக்கு ஒரு வரி கிடையாது.

நம்பவில்லை என்றால் கொரோனா காலத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 30 வருடம் காத்திருந்து 2020 ஜூனில் லீக் பட்டம் லிவர்பூலுக்கு வந்தபோது கேலரிகள் காலி. அடுத்த சீசனில் வினோதம் நடந்தது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து 68 லீக் ஆட்டங்கள் தோற்காமல் இருந்த அணி, 2021 தொடக்கத்தில் அதே மைதானத்தில் வரிசையாக ஆறு லீக் ஆட்டம் தோற்றது. கிளப் வரலாற்றில் அதற்கு முன் நடக்காதது. முக்கியமான தடுப்பாட்டக்காரர்களுக்குக் காயம் என்பது உண்மைதான், எல்லாவற்றையும் காலி இருக்கைகள் தலையில் போட முடியாது. ஆனாலும் அந்த ஆட்டங்களை டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வேறு ஏதோ மைதானம் மாதிரி இருந்தது.

அதனால்தான் கேலரி கட்டும்போது எத்தனை இருக்கை என்று கேட்பதோடு ரசிகர்கள் நிறுத்துவதில்லை. நிற்கலாமா என்றும் கேட்டார்கள். லிவர்பூலில் அது சாதாரணக் கேள்வி அல்ல. ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. வேண்டவே வேண்டாம் என்றவர்களும் உண்டு. 2017-ல் ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி சங்கம் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்த சுமார் 18 ஆயிரம் பேரில் 88 சதவிகிதம், ஒவ்வொரு வரிசைக்கும் இரும்புக் கம்பி வைத்துப் பாதுகாப்பாக நிற்கும் முறைக்கு ஆதரவு. 2021-ல் கோப்பில் அந்தக் கம்பி வைத்த இருக்கைகள் வந்தன. 27 வருடம் கழித்து! அவசரப்படாமல், வலி பட்டவர்களையும் பேசவிட்டு எடுத்த முடிவு என்பதால்தான் அது நின்றது என்று சொல்லவேண்டும்.

அடுத்தது ஆன்ஃபீல்ட் ரோடு பக்கம். சுமார் 8 கோடி பவுண்டு செலவில் 7 ஆயிரம் இருக்கை கூடுதல். 2023 ஆகஸ்டில் முடியவேண்டிய வேலை. பாதியில் கட்டுமானக் கம்பெனி பக்கிங்ஹாம் குரூப் திவாலாகிவிட்டது. மெயின் ஸ்டாண்டைக் கட்டிய காரில்லியன் கம்பெனியும் 2018-ல் திவால்! ஒரே மைதானத்தில் இரண்டு கேலரி கட்டிய இரண்டு கம்பெனியும் காணாமல் போயின. கட்டட வேலையில் லாப விகிதம் எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. வேறு கம்பெனி வந்து வேலையை முடித்து, 2023 டிசம்பரில் மேல் அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். 2024-ல் வேலை முழுசாக முடிந்தபோது மைதானத்தின் கொள்ளளவு 61 ஆயிரத்தைத் தாண்டியது.

இதில் ஒரு வேடிக்கை. 1952-ல் உல்வ்ஸ் அணியுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு ஆன்ஃபீல்டில் வந்த கூட்டம் 61,905. இத்தனை கோடி கொட்டியும் புது மைதானத்தின் கொள்ளளவு அதைவிடச் சில நூறு குறைவுதான். அன்று நெருக்கியடித்து நின்றவர்களை இன்று உட்கார வைக்க முப்பது வருடம் பிடித்திருக்கிறது.

இருக்கை கூடிவிட்டது, விலைச் சண்டை முடிந்ததா? எங்கே முடிந்தது! அடுத்த சீசனுக்கு டிக்கெட் விலை 2 சதவிகிதம் ஏறும் என்று 2024-ல் கிளப் அறிவித்தது. ஏப்ரல் 11 அன்று அட்டலாண்டா அணியுடன் ஐரோப்பிய ஆட்டம். அன்று கோப்பில் கொடிகள் இல்லை. வழக்கமாகச் செக்கச்செவேல் என்று அசையும் கோப் அன்று மொட்டையாக இருந்தது. லிவர்பூல் 0-3 என்று தோற்றது. கொடி இல்லாததால் தோற்றார்கள் என்று சொல்வது சின்னப்பிள்ளைத்தனம். ஆனால் ரசிகர்கள் சொல்ல வந்தது தெளிவு. நீங்கள் விளம்பரத்தில் போடும் அந்தக் கொடிகள் கிளப்பின் சொத்து அல்ல, எங்கள் வீட்டுத் துணி.

வெறும் 2 சதவிகிதத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். 2021-ல் சூப்பர் லீக் விவகாரத்தில் சூடுபட்ட பிறகு, ரசிகர்களைக் கேட்டு நடப்போம் என்று அவர்களுக்கென ஒரு குழுவைக் கிளப்பின் அமைப்பு விதிகளிலேயே சேர்த்திருந்தார்கள். அப்படியிருக்கும்போது விலை ஏற்றத்தில் எங்களை ஒழுங்காகக் கேட்கவில்லை என்பதுதான் ரசிகர்களின் முக்கியக் குறை. தொகை சின்னது. கேட்டார்களா இல்லையா என்பது பெரியது.

இத்தனையும் பார்த்தபின் ஒன்று புரிகிறது. கேலரிக்கு எதிரியாக அந்த ஊரில் யாரும் இல்லை. முதலாளிக்கு வருமானம் வேண்டும். ரசிகனுக்கு இடம் வேண்டும். தெருக்காரருக்கு வீடு வேண்டும். மூன்றும் நியாயம்தான். மூன்று பேரையும் முதலிலேயே உட்காரவைத்துப் பேசியபோது வேலை நடந்திருக்கிறது. விட்டுவிட்டுப் போனபோது 77-வது நிமிடம் வந்திருக்கிறது.

கேலரியின் ஆயுள் ஐம்பது அறுபது வருடம் இருக்கும். தேய்மானம் போட்டு ஒருநாள் கணக்கில் பூஜ்யம் ஆக்கிவிடலாம். இன்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முதல் தடவை உள்ளே வரும் பத்து வயதுப் பையன் அதற்குள் தாத்தா ஆகியிருப்பான். அவன் இன்று உள்ளே வர முடிகிற விலை இருந்தால்தான் அன்றைக்கு அந்த கேலரியில் பாட ஆள் இருக்கும். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆடிட்டர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2016-ல் எழுந்து வெளியே நடந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.